மேற்படி நிழல்

எங்கள் வீட்டுத் துவைகல்லில் ஒரு கூழைக்கடா செத்துக் கிடந்த காலையில்தான் என் மகள் வடிவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம், மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவிலிலிருந்து வேனில் கிளம்பிவிட்டார்கள் என்று டீக்கடைப் போனுக்குத் தகவல் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது, ஆகவே செத்த பறவைக்கு எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதை நான் செய்யவில்லை.

என்ன செய்வார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூவனேரிக் குளத்துக்கு வரும் பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை. கார்த்திகை மழை ஓய்ந்ததும் வந்து, ஊருக்குள்ளேயே, எங்கள் வேம்பிலும் புளியிலும் பூவரசிலும் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகளுக்குச் சிறகு முற்றியதும் ஆனி மாதம் கிளம்பிப் போகும். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பிள்ளைகள் என்றுதான் அவற்றைச் சொல்வோம். அவர்கள் இருக்கும் மாதங்களில் ஊரில் வேட்டுச் சத்தம் கிடையாது, கோவில் கொடையில் மேளக்காரர்கள்கூடக் குச்சியில் துணி சுற்றித்தான் அடிப்பார்கள். அப்படி வந்த பிள்ளைகளில் ஒன்று செத்து விழுந்தால், எந்த வீட்டு வாசலில், எந்த வீட்டுக் கொல்லையில் விழுந்ததோ அதுதான் அதற்குப் பிறந்த வீடு. கட்டிக் கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டார் புதுத்துணி கொண்டுபோய்ப் போர்த்துவார்கள் அல்லவா, அதே போல அந்த வீட்டுக்காரி ஒரு முழம் கோடித்துணி எடுத்து, ஓரத்தில் மஞ்சள் தொட்டு, பறவைமேல் போர்த்தி, முறத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் தெரு வழியாகக் கொண்டுபோய் அடக்கம் செய்ய வேண்டும். கோடி போகும்போது மற்றவர்கள் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று, பிறகு பின்னாலேயே நடக்க வேண்டும். பிறந்த வீட்டுக்கு மட்டும் மூன்று நாள் தீட்டு. மூன்று நாளும் அங்கே நல்ல காரியம் எதுவும் கூடாது.

எனக்கு மூன்று மணி நேரம்கூட இருக்கவில்லை. வடிவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதற்கு முன் வந்த நான்கு வரன்களும் பேசி முடிக்கிற நேரத்தில் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப்போயிருந்தன, ஐந்தாவதும் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பது ஒன்றுதான் அந்த மாசி மாதம் முழுக்க எனக்கு நினைப்பு. உள்ளே வாழைக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் முதல்நாள்தான் விடுப்பில் வந்து, வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். நான் கொல்லைக்கு வாளி எடுக்கப் போனவள், கல்லின்மேல் இரண்டு சிறகையும் பரத்தி, துவைக்கப் போட்ட வேட்டி போல அது கிடப்பதைப் பார்த்தேன். அலகின் அடிப்பையில் ஒரு சின்ன மீனின் வால் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது. கழுத்தைத் தொட்டேன், செத்துத்தான் போயிருந்தது, ஆனால் இறகுக்கு அடியில் சூடு முழுதாகப் போயிருக்கவில்லை.

கைக்கு அகப்பட்ட ஒரு சாக்கில் அதைப் போட்டேன். எந்தச் சாக்கு என்றுகூடப் பார்க்கவில்லை. அலகு உள்ளே போக மறுத்தது, மடக்கித் திணித்தேன். கொல்லைக்கு அப்பால் முள்வேலி, வேலிக்கு அப்பால் பேச்சித்தாயின் குடிசைப் புறக்கடை. சாக்கைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டுக் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வேன் வந்து நின்றபோது வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். அவர்கள் போனதும் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் சாயங்காலம் போனார்கள். நான் போகவில்லை.

பேச்சித்தாய் குளத்தில் கோரை அறுத்துப் பாய் முடைகிறவர்களுக்குக் கொடுத்துப் பிழைத்தவள். அவள் புருஷன் இளவயதில் கண்ணி வைத்துப் பறவை பிடித்தவன், அவளைக் கட்டிய அன்றைக்கு அதை விட்டவன், செத்துப் பத்து வருஷம் ஆனவன். ஆனாலும் அந்தக் குடிசைக்குக் கண்ணிக்காரன் வீடு என்ற பெயர் மட்டும் போகவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். சாக்கைத் தூக்கும்போதும் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் காலை எங்கள் தெருவில் ஒரு நிழல் பறந்தது. மேலே பறவை இல்லை. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள்தான் முதலில் பார்த்தாள், மாடியில் மிளகாய் வற்றல் பரப்பிக்கொண்டிருந்தவள்மேல் அகலமான சிறகு நிழல் ஒன்று விழுந்து நகர, விரட்டுவதற்காகக் கையை ஓங்கி, அண்ணாந்து பார்த்து, ஒன்றும் இல்லாததால் ஓங்கிய கையை இறக்கி மறுபடி மிளகாயைப் பரப்பினாள். நிழல் அவள் மாடிச் சுவரில் ஏறி இறங்கி, தெருவைக் கடந்து, பள்ளிக்கூட ஓட்டின்மேல் மடிந்து நிமிர்ந்து, குளத்துப் பக்கம் போய், உச்சி வெயிலில் திரும்பி வந்து, சிறகடிக்காமல், கூழைக்கடாக்கள் காற்றில் மிதப்பது போலவே வட்டமிட்டது. அது போன இடத்தில் கொஞ்ச நேரம் குளத்து வாசனை அடித்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. பிறந்த வீட்டுக் கோடி கிடைக்காத பிள்ளை எப்படிப் போகும் என்றார்கள். முதல் வாரம் கோழிகள் அதைக் கண்டு கூடைக்குள் ஓடின, இரண்டாம் வாரம் ஓடவில்லை. வற்றல் காயப்போடுகிற பெண்கள் அது எப்போது எந்த மாடியைக் கடக்கும் என்று தெரிந்து பாயைத் தள்ளிப் போட்டார்கள், டீக்கடை சூசை பத்து மணிக்கு அது வரும் தடத்துக்குத் தன் பெஞ்சை நகர்த்தினான், பத்தேகால் பஸ்ஸின் டிரைவர் அது சாலையைக் கடக்கட்டும் என்று ஊர் எல்லையில் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்திப் பழகினார். பங்குனியில் வெயில் ஏறினபோது கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் கூடவே நடந்தார்கள், ஏனென்றால் அது மரத்து நிழலைவிடக் குளிர்ச்சி. பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் அது படக் கூடாது என்று ஒரு கட்சியும், பட்டால் சுகப்பிரசவம் என்று இன்னொரு கட்சியும் ஆகி, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து பிறகு சேர்ந்துகொண்டார்கள். வருஷா வருஷம் பறவைக் கணக்கெடுக்க வரும் வனக்காவலர் நிழலைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கூழைக்கடா என்ற வரிசையில் ஒன்றைக் கூட்டி எழுதி, பிறகு அடித்துவிட்டு, இதற்குக் கட்டம் போடவில்லையே என்று சொல்லிக்கொண்டே சூசையிடம் டீ குடித்துவிட்டுப் போனார். மேகம் மூடிய நாட்களில் அது வராது. அன்றைக்கு ஊரே எதையோ மறந்துவிட்டது போல இருக்கும்.

ஆனால் நிழல் இருந்தால் உடல் எங்கே என்ற கேள்வி இருந்தது. வீடு வீடாகக் கேட்டார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நிச்சய வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றேன், பழத்தட்டு வைத்துக் கொடுத்தேன். பேச்சித்தாயின் முருங்கை மரத்தடியில் புது மண் மேடும் அதன் பக்கத்தில் இரண்டு இறகும் இருந்தன. கேட்டதற்கு, புறக்கடையில் கிடந்தது, அடக்கம் பண்ணினேன் என்றாளாம். பிறகு ஏன் கோடியைத் தெரு வழியாகக் கொண்டுபோகவில்லை, ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் நின்றாளாம். நின்றதே போதுமானதாக இருந்தது. கண்ணிக்காரன் வீட்டுக்காரி பறவையைப் பிடித்துத் தின்றுவிட்டு எலும்பைப் புதைத்திருக்கிறாள், நிழல் நியாயம் கேட்டு அலைகிறது என்று தெரு முடிவு செய்தது.

பாளையங்கோட்டையில் கல்லூரி படித்தவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். விதவைப் பென்ஷன், ரோட்டு விளக்கு, சாக்கடை, எதற்கும் மனு எழுதுவது என் பொறுப்பு. ஆவுடையம்மாள் இரண்டு பேரோடு வந்து, உங்க எழுத்துன்னா ஒரு கனம் இருக்கும் மதினி என்று சொல்லி வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தாள். நான் மூடி திறந்த பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே நிழல் ஜன்னல் கம்பிகளைக் கடந்து தாளின்மேல் படர்ந்து விலகியது. பிறகு எழுதினேன். அரைகுறையாகக்கூட எழுதவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பூவனேரியின் நெடுநாள் வழக்கம் பற்றி ஒரு பத்தி, தாய் வீடு நாடி வரும் உயிர்களின் நம்பிக்கை பற்றி ஒரு பத்தி, கடைசியில் மேற்படி நிழல் விலகும் வரை மேற்படி பேச்சித்தாயைக் குளத்தில் இறங்க அனுமதிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு முடித்தேன். ஓசை சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து ஒரு சொல்லை மாற்றினேன். நானே வீடு வீடாகக் கொண்டுபோனேன், நாற்பத்தியொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பஞ்சாயத்து ஒத்துக்கொண்டது. கோரை முற்றி நின்ற பங்குனியில் பேச்சித்தாய் குளத்தைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருக்குழாயில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள், அவள் குடத்தை வைத்ததும் குழாய் மூடியிருக்கும், அவள் திறந்தால் யாராவது ஒருத்தி வந்து வேறெங்கோ பார்த்தபடி மூடுவாள். நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவள் ஒரு மைல் நடந்து பம்புசெட்டில் எடுக்க ஆரம்பித்தாள்.

நிழல் பகலெல்லாம் அவள் குடிசையைச் சுற்றி வட்டமிடுகிறது என்று சொல்வார்கள். மேடு அங்கே இருந்தது, வட்டமிட்டது உண்மைதான். ஆனால் சூரியன் சாய்கிற நேரத்தில் அது வேலியைத் தாண்டி எங்கள் கொல்லைக்கு வரும். துவைகல்லின்மேல் இறங்கி, ஒரு சிறகை மடித்து, இன்னொரு சிறகை மடித்து, நீளக் கழுத்தை முதுகில் வைத்துக்கொண்டு படுத்துவிடும். வெளிச்சம் அடங்கும் வரை கல்லில் அந்த வடிவம் இருக்கும். விடிந்து முதல் வெயில் படும்போது அங்கிருந்துதான் எழுந்து போகும். நான் தோள்பட்டை வலி என்று சொல்லித் துணிகளை வண்ணாரிடம் போட ஆரம்பித்தேன். கல்லில் பாசி பிடித்தது.

சித்திரை பிறந்ததும் ஒரு சாயங்காலம் அலமாரியிலிருந்து ஒரு முழம் கோடித்துணி எடுத்து, மஞ்சள் தொட்டு, யாருக்கும் தெரியாமல் கொல்லைக்குப் போனேன். வந்து படுத்திருந்த நிழல்மேல் மெதுவாகப் போர்த்தினேன். அது துணிக்கு அடியில் நிற்கவில்லை. தண்ணீர் ஊறுவது போலத் துணிக்கு மேலே ஏறி வந்து, அதே மாதிரி கழுத்தை முதுகில் வைத்துப் படுத்துக்கொண்டது. துணியை உதறி மறுபடி போர்த்தினேன். மறுபடி மேலே வந்தது. மூன்றாவது தடவை போர்த்த எனக்குக் கை வரவில்லை. திரும்பினால் வடிவு சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே போய்விட்டாள். அன்றிரவு சாப்பாட்டில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் பேச்சித்தாயின் மகள் செல்லக்கனி தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் வீட்டில் செய்ய ஆள் இல்லை என்று வளைகாப்பும் தாய் வீட்டிலேயே வைக்கிறதாக ஏற்பாடு. கூப்பிடப் போக வேறு சுமங்கலி கிடைக்காததால் பேச்சித்தாய் தானே குங்குமச் சிமிழோடும் வெற்றிலையோடும் வீடு வீடாகப் போனாள். எல்லாரும் சிமிழில் விரல் வைத்தார்கள், குங்குமத்தை மறுத்தால் பாவம் என்று. ஆனால் வருகிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. எங்கள் வாசலுக்கு வந்தபோது படியேறாமல் கீழேயே நின்றாள்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அக்கா. நீங்க வந்தீங்கன்னா நாலு பேரு வருவாவ. பிள்ளை வெறுங்கையோட உக்காந்துறக் கூடாதுன்னு பாக்கேன்."

"பார்க்கலாம்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு நின்றாள். எதற்கோ காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வடிவு கல்யாணத்துக்கு என்றைக்கு முகூர்த்தம் என்று கேட்டாள். வைகாசி கடைசி என்றேன். நல்லா நடக்கும் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் ஊரில் வளையல் போடாத கையோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணைப் பற்றி எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. அதைப் படித்தவள் நம்பக் கூடாது, நான் நம்பினேன். வெள்ளிக்கிழமை வரை மூன்று நாளும் அந்தப் பெண்ணின் வெறுங்கை என் கண்முன்னால் இருந்தது, அதன் பக்கத்திலேயே வடிவின் கழுத்து இருந்தது. நிச்சயத்தன்று எங்கள் வீட்டில் தீட்டு, அதை மறைத்துத் தட்டு மாற்றினோம் என்று நாகர்கோவிலுக்குத் தெரிந்தால் ஐந்தாவதும் போகும். இரண்டையும் நான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை வரை தெருவில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சித்தாய் சாணி தெளித்துக் கோலம் போட்டு, கோரைப்பாய்களை விரித்துப் போட்டிருந்தது தெரிந்தது. புதுப் பாய்கள், பத்துப் பதினைந்து இருக்கும், எல்லாவற்றிலும் செல்லக்கனி ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். நான் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வடிவு வந்து என் பக்கத்தில் நின்றாள். கையில் அந்த ஒரு முழத் துணி இருந்தது, நான் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் எறிந்திருந்ததை எடுத்துத் துவைக்காமல் மடித்து வைத்திருந்தாள், துவைத்தால் அது கோடி ஆகாது.

"நான் இன்னொரு வருஷம் இருந்துக்கிடுவேம்மா" என்றாள்.

துணியை வாங்கினேன். முறத்தில் வைத்தேன், மஞ்சளும் வெற்றிலையும் வைத்தேன். முறத்தில் பறவை இல்லாமல் துணி தட்டையாகக் கிடந்தது. வாசல்வழியாகத் தெருவில் இறங்கியபோது மணி பத்து. நிழல் வழக்கமாகப் பள்ளிக்கூடத்தின்மேல் ஏறுகிற நேரம். அது பாதியில் திரும்பி, தெருவின் நீளத்துக்கும் வந்து, என்மேல் படிந்து நின்றது. நான் நடக்க அதுவும் நடந்தது. சித்திரை வெயிலில் தெரு முழுக்கக் கண் கூசிக் கிடக்க, நான் மட்டும் குளிர்ச்சியில் போனேன், யார் பார்த்தாலும் அது யாருடைய நிழல் என்று தெரிகிறபடி.

கோடி போனால் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்ற பழக்கம் எங்கள் ஊர்க்காரர்களின் காலில் இருந்தது. ஜன்னல் வழியாக முறத்தைப் பார்த்ததுமே கதவுகள் திறந்துவிட்டன, உலை கிண்டிய கரண்டியோடும் பாதி பின்னிய சடையோடும் வந்து நின்றார்கள். டீக்கடை முன்னால் நான் நின்றேன். சூசை டீ ஆற்றுவதை நிறுத்தினான்.

"இது எங்க வீட்டுப் பறவை" என்றேன். "நிச்சயத்தன்னைக்கு எங்க துவைகல்லுல செத்துக் கிடந்துச்சு. நான்தான் சாக்குல போட்டு வேலிக்கு அந்தப் பக்கம் எறிஞ்சேன். பேச்சித்தாய் அதைக் கொல்லல, தின்னல. மனுவில நான் எழுதினது பொய்."

சொல்லிவிட்டு, கூச்சல் வரும் என்று காத்திருந்தேன், முகத்தில் ஏதாவது விழும் என்றுகூடக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நிழல் பறக்க ஆரம்பித்த முதல் நாள் எப்படிப் பார்த்தார்களோ அப்படித்தான் என்னையும் பார்த்தார்கள். யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

"தெரியும் மதினி" என்றாள் ஆவுடையம்மாள். "அன்னைக்கு நான் மாடியிலதான நின்னேன்."

சூசை கிளாஸைத் துடைத்துக்கொண்டே, சாயங்காலம் அது எங்கே போய் இறங்குகிறது என்று ஊருக்கே தெரியும், கல்யாண வீடு, முடியட்டும் என்று இருந்தோம் என்றான்.

"பிறகு ஏன் எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்க?"

நிழல் எங்கள் எல்லார்மேலும் விரிந்து அசையாமல் நின்றது. பிறகு ஆவுடையம்மாள், என் முகத்தைப் பார்க்காமல், முறத்தில் இருந்த துணியைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்கள்லா எழுதிக் கொண்டாந்தீங்க."

நான் நடந்தேன். அவர்கள் பின்னால் வந்தார்கள், கோடிக்குப் பின்னால் வரவேண்டும் என்பதால் வந்தார்கள். முருங்கை மரத்தடியில் மேட்டின்மேல் துணியை விரித்தேன். நிழல் வட்டமிடாமல் நேராக இறங்கியது. ஒரு சிறகை மடித்தது, இன்னொரு சிறகை மடித்தது, கழுத்தை முதுகில் வைத்தது, இந்தத் தடவை துணிக்கு மேலே ஏறி வராமல் அடியில் போனது. துணி ஒரு விரற்கடை உள்ளே அமுங்கியது. அவ்வளவுதான். முற்றத்தில் வெயில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடித்தது.

அடக்கம் முடிந்தால் பின்னால் வந்தவர்கள் அந்த வீட்டுத் தண்ணீரில் கால் கழுவ வேண்டும். பேச்சித்தாய் குடத்தை எடுத்துவந்து வைத்தாள், ஒரு மைல் சுமந்து வந்த தண்ணீர். ஒவ்வொருத்தியாகக் குனிந்து கால் கழுவினார்கள், சிந்தாமல் கழுவினார்கள். கழுவினபின் வந்த வாசல்வழியாகப் போவதா, எதிரே விரித்த பாயில் உட்காருவதா என்று ஒரு கணம் நின்றார்கள். ஆவுடையம்மாள் முதலில் போய்ச் செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையிலிருந்த கண்ணாடி வளையல் இரண்டைக் கழற்றி அவளுக்குப் போட்டாள். மன்னிப்பு என்ற மாதிரி ஒரு சொல்லும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

நான் உள்ளே போக முடியாது. பிறந்த வீட்டுக்கு மூன்று நாள் தீட்டு, அது அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. வேலியோரம், அன்றைக்குச் சாக்கு விழுந்த இடத்தில் நின்று, ஒவ்வொரு கையாக அந்தப் பெண்ணின் கையைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வடிவுக்கு வைகாசியில் கல்யாணம் நடந்தது. நாகர்கோவிலுக்கு நானே கடிதம் எழுதினேன். அவர்கள் ஊரில் பறவைக்குத் தீட்டுப் பார்க்கிற வழக்கம் இல்லையாம், இதற்குப் போய் ஒரு கடிதமா என்று சம்பந்தியம்மாள் சிரித்தாளாம். எதற்காகப் பயந்தேனோ அது ஒரு நாளும் ஆபத்தில் இருக்கவே இல்லை. பஞ்சாயத்துக்கு இன்னொரு மனு எழுதினேன், ஓசை பார்க்காமல், நாலே வரி. நாற்பத்தியொரு பேரில் யாரிடமும் அதைக் கொண்டுபோகவில்லை, என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. பேச்சித்தாய் குளத்தில் இறங்கும்போது கோரை பழுத்துச் சாய்ந்துவிட்டிருந்தது.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை, உள்ளே பெண்கள் குனிந்தும் நிமிர்ந்தும் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது, பேச்சித்தாய் குடிசைக்குள் போய் எதையோ எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மடித்த நெல் சாக்கு.

"உங்க சாக்கு, அக்கா. நல்ல சாக்கு. அலசிக் காயப்போட்டு வச்சிருந்தேன்."

எங்கள் ஊரில் எல்லார் நெல்லும் ஒரே மில்லுக்குப் போகும், மாறிவிடக் கூடாது என்று சாக்குக்குச் சாக்கு வீட்டு எழுத்தைக் கருப்பு மையில் பெரிதாக எழுதி வைப்போம். அதை எழுதுகிறவளும் நான்தான். ப.வே. என்று, என் வீட்டுக்காரர் பெயருக்கு.

"அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"வந்தவங்க கிளம்புனதும் கோடியோட வருவீங்கன்னு பொழுது அடையுத வரைக்கும் அடக்கம் பண்ணாமத்தான் வச்சிருந்தேன். பிறகு எறும்பு வந்துட்டு. என் சேலையில கிழிச்சுப் போத்திப் புதைச்சேன். பிறந்த வீட்டுத் துணி இல்லலா, அதான் அது போகல."

"சொல்லியிருக்கலாமே பேச்சித்தாய். ஊர் கேட்டப்போ சாக்கைக் காட்டியிருந்தா போதுமே."

"நிச்சய வீடு" என்றாள். "பொம்பளப் பிள்ளை காரியம்லா."

திரும்பிப் போகப் போனவள் நின்றாள். "பஞ்சாயத்துல உங்க மனுவை எனக்கு வாசிச்சுக் காட்டுனாவ அக்கா. நல்லா எழுதியிருந்தீங்க." குத்தலாகச் சொல்லவில்லை. நல்ல கோலத்தைப் பார்த்து நல்ல கோலம் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு மகளிடம் போய்விட்டாள்.

சாக்கைப் பார்த்தேன். நான்காக மடித்து, எழுத்து உள்ளே போகும்படி மடித்திருந்தாள். வாங்கிக்கொண்டு போகும்போது யார் கண்ணிலும் படக் கூடாது என்று. வேலியைத் தாண்டினால் எங்கள் கொல்லை, பத்து எட்டுக்கூட இருக்காது. நான் சாக்கைப் பிரித்து, எழுத்து வெளியே தெரிகிறபடி திருப்பி மடித்து, மார்போடு பிடித்துக்கொண்டு, தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தேன். கண் கூசியது. தலைக்கு மேலே ஒன்றும் இல்லை, ஒதுங்கி நிற்க ஒரு கை அகல நிழல்கூட அந்தத் தெருவில் இல்லை.